வேட்டை நூலும் இடியன் துவக்கும்: பேக்கரின் நூலைக் கீழ்க்கரையில் நின்று நோக்கல்

இலங்கைக் காடுகளைப் பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுந்த வேட்டை நூல்களுள் சாமுவேல் பேக்கரின் ‘இலங்கையில் றைபிளும் வேட்டைநாயும்’ பெரிதும் பயிலப்படுவதாகும். 1854 இல் இலண்டனில் வெளிவந்த இந்நூலும், மறுவாண்டு வெளிவந்த ‘இலங்கையில் எட்டாண்டு அலைவு’ என்னும் நூலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவின் உலர்வலயம் இருந்த நிலையை அறிய விழைவோரால் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. நைல் நதியின் மூலத்தை நாடிச் சென்று 1864 இல் அல்பேட் ஏரியைக் கண்டவர் என்றே உலகம் பேக்கரைப் போற்றும். இலங்கையர் அவரை நினைவுகூர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடித்துச் சுடும் துவக்கை, அதனைத் தாமே கையாண்டு பழகிய ஒருவர் இம்மண்ணில் நின்று எழுதிய விரிவான பதிவுகளுள் அவருடையது ஒன்று என்பதே அக்காரணமாகும்.

அவ்வகைத் துவக்கு இத்தீவின் கிழக்கிலும் வன்னியிலும் ‘இடியன்’ என்னும் பெயருடன் கமக்காரரிடையே நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. பேக்கரின் றைபிளும் கமக்காரனின் இடியனும் ஒரே குடும்பத்துக் கருவிகள். ஒரே மருந்தாற் சுடப்படுபவை. ஒரே வகைப் பேணுகையை வேண்டுபவை. எனினும் ஒன்று நூலேறிற்று. மற்றது வழக்கேட்டிலும் செய்தித்தாளின் சிறுசெய்தியிலும் மட்டுமே இடம்பெற்றது. இவ்வேறுபாட்டுக்குக் கருவியின் தரம் மட்டும் காரணமன்று, கருவியைப் பற்றிய எழுத்து யாருடையது என்பதே தலையாய காரணம் என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

1. நிலமும் காலமும்

பேக்கர் 1846 இல் இலங்கைக்கு வந்தவர். 1848 இல் நுவரெலியாவில் குடியேறி 1855 இல் நீங்கினார். மலைநாட்டில் மரைவேட்டைக்கு நாய்களையும், கீழ்நாட்டில் யானை, எருமை முதலியவற்றுக்குத் துவக்குகளையும் அவர் பயன்படுத்தினார். ‘பார்க்’ என அவர் அழைக்கும் கிழக்குப் புறத்துப் புல்வெளிக் காடு அவர் விரும்பிச் சென்ற வேட்டைக்களங்களுள் ஒன்று.

அக்காடுகளிலிருந்து கிழக்கே இறங்கினால் எதிர்ப்படுவது பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தொடரும் கடற்கரைப் பட்டி. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று அடுத்துள்ள இப்பட்டி 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்து, பின்னர் அம்பாறை மாவட்டத்தினுள் அடங்கியது. இங்கு வீடு கடலோரத்தில். வயலோ வாவிக்கு அப்பால் மேற்கே. கிட்டங்கியைக் கடந்து நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம் என விரியும் வட்டைகளுக்குச் செல்லும் கமக்காரன், பயிர் முற்றும் காலத்தில் வாடியிலேயே தங்கிக் காவல் புரிவான். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் காட்டை அழித்து நெல்வயலைப் பெருக்கியபோது, காட்டு விலங்கும் பயிரும் முட்டிக்கொள்ளும் எல்லையும் நீண்டது.

கமக்காரன் துவக்கை நாடும் காலம் ஈண்டு நோக்கற்பாலது. பெரும்போகப் பயிர் ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்பட்டு மாசி, பங்குனியில் அறுவடையாவது. இடைப்பட்ட திங்களெல்லாம் வடகீழ்ப் பருவமழைக் காலம். வாய்வழி இடிக்கும் துவக்குக்கு ஈரமே முதற் பகை. எனவே கருவி எப்போது மிக வேண்டப்படுகின்றதோ, அப்போதே அது மிக எளிதிற் பிழைபடுகின்றது. கீழ்நாட்டு வேட்டைக்கு உகந்ததெனத் துரைமார் பெரும்பாலும் தெரிந்துகொண்டதோ, நீர் வற்றி விலங்குகள் குளங்களை நாடிவரும் வறண்ட பருவம். கருவியின் குறைகளைக் கமக்காரனே மிகுதியாக எதிர்கொண்டான் என்பது இதனாற் பெறப்படும்.

2. சொல்

துருக்கியரிடத்தும் பாரசீகரிடத்தும் வழங்கிய ‘துபக்’, ‘துபெக்’ என்னும் வடிவங்கள் இந்திய மொழிகளிற் புகுந்து தமிழில் ‘துப்பாக்கி’ ஆயின. ஈழத்துத் தமிழ் வழக்கில் ‘துவக்கு’ என்பதே பெருவழக்கு. சிங்களத்தின் ‘துவக்குவ’ என்பதும் இதனோடு ஒத்த வடிவினது. ஆகவே இக்கருவியைப் பெயரிட்டு அழைப்பதில் இத்தீவின் இரு மொழியாரும் ஒரு சொல்லையே பகிர்ந்துகொண்டனர் எனலாம்.

‘இடியன்’ என்னும் அடைபற்றி இரு விளக்கங்கள் கூறலாம். இடிபோல் முழங்குவது என்பது ஒன்று. மருந்தை இடித்துச் செறிப்பது என்பது மற்றொன்று. போர்த்துக்கேயர் 1505 இல் வந்திறங்கியதைக் கூறும் இராஜாவலிய அவர்தம் பீரங்கி ஓசையை இடியோடு ஒப்பிடுதலால் முதல் விளக்கம் கவர்ச்சியுடையதாய்த் தோன்றும். ஆயின் தோட்டா இட்டுச் சுடும் துவக்கும் இடிபோலவே முழங்கும். அதனை எவரும் இடியன் என்பதில்லை. பின்புறம் திறந்து தோட்டாவிடும் துவக்கினின்று வேறுபடுத்தவே இவ்வடை வேண்டப்பட்டது. எனவே இடித்தல் என்னும் வினையையே பெயர்க்காரணமாகக் கொள்ளுதல் பொருந்தும். குழல், பிடங்கு, குதிரை, விசை, மருந்து, சன்னம், தக்கை என இக்கருவியைச் சூழ்ந்த சொற்கள் யாவும் உழவனும் கொல்லனும் தச்சனும் அறிந்த சொற்களே. துறைச்சொல் ஒன்று புலவர் துணையின்றித் தொழிலாளரால் ஆக்கப்படும் முறைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

3. பேக்கரின் அறிவு

பேக்கரின் நூலில் மெய்யான பெறுமதியுள்ள பகுதி அவர் தம் கருவிகளைப் பற்றிக் கூறுவதாகும். நாலு அவுன்சு குண்டுக்குரிய ஒற்றைக்குழல் றைபிள் ஒன்று, 21 இறாத்தல் எடை. இரண்டு அவுன்சு குண்டுக்குரிய நீண்ட ஒற்றைக்குழல் றைபிள் ஒன்று, 16 இறாத்தல் எடை. பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல் எடை. இவையே அவர்தம் படைக்கலத் தொகுதி. பத்தாம் இலக்கம் என்பது குழலுக்கு அளவான ஈயக் குண்டுகள் பத்துச் சேர்ந்தால் ஓர் இறாத்தல் என்னும் கணக்கு. பெரிய றைபிளைப் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளர் பேக்கரின் சொந்த அமைப்பின்படி 1840 இல் செய்தளித்தனர். குழல் நீளம் 36 அங்குலம். ஒருமுறை சுடுவதற்கு 16 திராம், அதாவது ஓர் அவுன்சு, மருந்து.

இவ்வளவுகள் பெருமைக்காகக் கூறப்பட்டவை மட்டும் அல்ல. புரியிட்ட குழலிற் குண்டு சுழன்று செல்லுதலால் நேர்நின்று பாயும். ஆனால் புரியைப் பற்றுமாறு இறுக்கமாய் அமைந்த குண்டை வாய்வழி செலுத்துதல் கடினம். மருந்தை மிகுத்தால் வேகம் மிகும். ஆனால் புரி மிகையாகத் திருகியிருந்தால் குண்டு அதனைப் பற்றாது வழுக்கும். குழல் கனமாயிருந்தால் தோள் தாங்கும். ஆனால் கால் சோரும். இம்முரண்களுக்கிடையே பேக்கர் கண்ட தீர்வு கனத்த குழல், குறைந்த திருகல், மிகுந்த மருந்து என்பதாகும். தம் உடல் வலிமையையும் எதிர்நிற்கும் விலங்கின் பருமனையும் அளந்து கருவியை அமைத்துக்கொண்ட இவ்வறிவு மதிக்கத்தக்கதே.

எனினும் இவ்வறிவு செயற்பட்ட முறை நூலின் வேறு பக்கங்களிலே வெளிப்படுகின்றது. சுட்ட துவக்கை மீண்டும் இடித்து நிரப்ப நேரம் வேண்டும். பாய்ந்துவரும் யானை அந்நேரத்தை அளிக்காது. ஆகவே நிரப்பிய துவக்குகளை ஏந்திப் பின்வரும் காவிகள் இன்றியமையாதோர். துவக்கோடு காவிகள் ஓடிவிட்டனர் எனப் பேக்கர் சினந்து கூறும் இடங்கள் பல. ஓடாது நின்று உரிய கணத்தில் உரிய துவக்கைக் கையிற் கொடுத்தவரும் பலராதல் வேண்டும். அன்றேல் அந்நூலை எழுத அவர் உயிருடன் இருந்திரார். ‘நான் சுட்டேன்’ என்னும் அவருடைய வாக்கியத்துள் வேறு பலருடைய கைகள் மறைந்துள்ளன என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

4. எழுதப்படாத அறிவு

இடியனின் குழல் பெரும்பாலும் புரியற்றது. அதனாற் சுடும் தூரம் குறுகியது. குறி அத்துணை நுண்ணியதன்று. ஆனால் குண்டும் சன்னமும் இடுதற்கு ஏற்றது, விரைவில் இடிக்கத்தக்கது, சிற்றூர்க் கொல்லனாற் செப்பனிடத்தக்கது. அண்மையில் வரும் விலங்கை இருளில் எதிர்கொள்ளும் காவற்காரனுக்கு நெடுந்தூரக் குறியினும் இப்பண்புகளே பெரிது. ஆகவே இடியனைக் குறைபட்ட றைபிள் எனக் கொள்ளுதல் தவறு; அது வேறொரு தேவைக்கு அமைந்த கருவி.

பேணுகையிலே இருவரும் ஒரே பாடத்தைக் கற்றனர். வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்து எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்ம எச்சமாய்த் தங்கும். அவ்வெச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரவினுள் இரும்பைத் துருவேற்றும். எண்ணெய் மட்டும் பூசினால் அவ்வுப்பு அகலாது. சுடுநீர் வார்த்துக் குழலைக் கழுவி, துணிசுற்றிய கோலால் நன்கு துடைத்து, சூடு ஆறுமுன் ஈரம் போக்கி, அதன்பின்னரே எண்ணெய் பூசுதல் வேண்டும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊரில் இதனை ஒருநாள் தவறவிட்டவனும் மறுநாள் அதன் பயனைக் காண்பான். மருந்தை ஈரம் படாது காத்தல், கோலால் ஒரே சீராக இடித்தல், தக்கைக்கும் மருந்துக்குமிடையே வெற்றிடம் விடாமை, முன்னரே நிரப்பிய குழலில் மறந்து மீண்டும் நிரப்பாமை ஆகியன உயிரோடு தொடர்புற்ற விதிகள். வெற்றிடம் இருப்பின் குழல் வெடிக்கும். இருமுறை நிரப்பினும் வெடிக்கும். கோலைக் குழலுள் விட்டு, வெளியே நிற்கும் நீளத்தைக் கொண்டு நிரப்பு உண்டா இல்லையா எனத் துணிதல் இத்துறையில் உலகெங்கும் வழங்கும் முறை.

கருவியைத் தனக்கேற்ப மாற்றியமைத்தலும் துரைமாருக்கே உரியதன்று. 1820 களுக்குப் பின் கேப்பு வந்தபோது, சிக்கிமுக்கிக் கல்லாற் பொறி எழுப்பிய பழைய துவக்குகள் பல நாடுகளில் அப்புதுமுறைக்கு மாற்றப்பட்டன. குழல் அதுவே, பொறி மட்டும் புதிது. மழைநாட்டில் இம்மாற்றத்தின் பெறுமதி மிகப் பெரிது. திறந்த கிண்ணத்திலிருந்த மருந்துக்கு மாறாக மூடிய கேப்பு தீயை ஊட்டியது. பிடங்கைக் கையின் நீளத்துக்கேற்பச் செதுக்குதலும், பிளந்த பிடங்கை இறுகக் கட்டுதலும், தளர்ந்த விசையைக் கொல்லனிடம் கொடுத்துத் திருத்துதலும் சிற்றூர்க் கைவினையின் எல்லைக்கு உட்பட்டவை. 1681 இல் தம் நூலை வெளியிட்ட றொபேட் நொக்ஸ், கண்டி நாட்டுக் கொல்லனிடம் செல்வோர் இரும்பும் கரியும் தாமே கொண்டுசென்று துருத்தியும் ஊத வேண்டியிருந்தது எனக் கூறுவார். கருவியைச் செய்விப்பவன் அதன் செய்கையிற் பங்குகொள்ளும் இவ்வுறவு, பிறிஸ்ரல் நகரத்துக்கு வரைபடம் அனுப்பும் உறவினின்று பெரிதும் வேறுபட்டதாகும்.

5. வேட்டை என்னும் கருத்து

பேக்கரின் நூல் விளையாட்டு வேட்டையை ஆங்கிலேயனின் இயல்பான பண்பாகக் கொண்டு தொடங்குகின்றது. இடரை நேர்நின்று எதிர்கொள்பவனே வேட்டைக்காரன். நீர்நிலையருகே பதுங்கியிருந்து இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சுடுபவன் அல்லன் என்பது அவர்தம் அளவுகோல். இவ்வளவுகோலைக் கொண்டு கீழ்க்கரையை அளக்க முற்பட்டால் அது பயன்படாது போகின்றது.

காட்டுப்பன்றியையே எடுத்துக்கொள்வோம். வயலின் முதற் பகை அதுவே. முஸ்லிம் கமக்காரனுக்கு அதன் இறைச்சி விலக்கப்பட்டது. அவன் பன்றியைச் சுடும்போது அங்கு விளையாட்டும் இல்லை, இறைச்சியும் இல்லை. நெல் ஒன்றே உண்டு. மானோ மரையோ ஆயின் நிலை வேறு. இந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, குண்டின் தாக்கத்தால் மாத்திரம் இறந்த விலங்கு உண்ணத்தக்கதன்று. உயிர் நிலைத்திருக்கும்போதே அடைந்து இறைவன் பெயர் கூறி அறுத்தல் வேண்டும். ஆகவே அவனுடைய துவக்கு விலங்கைக் கொல்வதற்கன்று, நிறுத்துவதற்கே பயன்படல் வேண்டும். துவக்கோடு கத்தியும், குறியோடு காலின் விரைவும் வேண்டும். ‘ஒரே குண்டில் வீழ்த்தினேன்’ என்னும் பேக்கரின் பெருமிதம் இங்கே பயனற்றதாகிவிடும். ஒரே வகைக் கருவி, ஒரே காடு. ஆயினும் நல்ல வேடன் யார் என்னும் வினாவுக்கு விடை முற்றிலும் வேறு.

விலங்கழிவு பற்றிய குற்றச்சாட்டும் இவ்வாறே ஆராயத்தக்கது. 1859 இல் எமேர்சன் ரெனன்ற் வெளியிட்ட நூலின்படி, 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் அரசாங்கம் அளித்த சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகள். மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி தனியொருவராகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றார். யானையை உயிரோடு பிடிக்கும் பணிக்கர் என்னும் முஸ்லிம் தொழிலாளரின் திறனை வியந்து எழுதியவரும் ரெனன்றே. கொல்வதற்குப் பணம் கொடுத்தது அரசு. பிடிக்கும் கலையை வளர்த்தவர் ஊரார். உள்நாட்டான் கையிலுள்ள துவக்கே காட்டை வெறுமையாக்கிற்று என்னும் கூற்றை இச்சான்றுகளோடு வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

6. சட்டமும் கட்டுத்துவக்கும்

விலங்குகளைக் காக்கும் நோக்குடன் 1872 இற் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் பெறுதலையும் அதனைப் புதுப்பித்தலையும் கட்டாயமாக்கிற்று. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வனவிலங்கையும் தாவரத்தையும் காத்தது. 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் மருந்தைக் கட்டுப்படுத்திற்று. இவை வேண்டாதன அல்ல. ஆயினும் இவற்றின் வழியாகவே இடியன் எழுத்தேறிற்று என்பது நினைக்கத்தக்கது. பேக்கரின் துவக்கு நூலாசிரியனின் கருவியாக வரலாற்றில் நுழைந்தது; இடியன் வழக்கின் தடயப் பொருளாக நுழைந்தது. 1980 கள் தொடக்கம் 2009 வரை நீடித்த போர் துவக்கு என்னும் சொல்லையே அச்சத்துக்குரியதாக்கியபின், வயற்காவற் கருவி என்னும் பொருள் மேலும் பின்தள்ளப்பட்டது.

இதனைக் கூறுவது இடியனைப் புகழ்வதற்கன்று. அதன் இனத்திலேயே பிறந்த கட்டுத்துவக்கு எவ்வகையாலும் ஏற்கத்தக்கதன்று. விலங்கு செல்லும் தடத்தில் ஆளின்றிக் கட்டிவைக்கப்பட்டு, கயிறு இழுபட்டதும் வெடிக்கும் அது பன்றியையும் மனிதனையும் பிரித்தறியாது. விறகு பொறுக்கச் சென்றவரும் வயலுக்குச் சென்றவரும் அதனாற் காலிழந்துள்ளனர். யானைகள் புண்பட்டு நாட்பட நொந்து இறந்துள்ளன. இடியனுக்கும் கட்டுத்துவக்குக்கும் உள்ள வேறுபாடு பொறியில் இல்லை. சுடுபவன் கண்ணால் நோக்கி, சுடுவதா விடுவதா எனத் தானே துணிகின்றானா என்பதில் உள்ளது. மேற்கூறிய பேணுகை அறிவும் காவல் ஒழுக்கமும் அற்றுப்போக, கருவி மட்டும் எஞ்சும்போது விளைவது கட்டுத்துவக்கே. அறிவைப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் நம் வாதத்துக்கு இதுவே வலிமையான காரணம்.

7. நூதனசாலையும் வாடியும்

ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ பழங்கைவினைஞரின் உலோக வேலைப்பாட்டுக்கு உரிய மதிப்பை வழங்கிற்று. பி. இ. பி. தெரணியகல 1942 இல் சிங்களப் படைக்கலங்களைப் பற்றி விரிவாக எழுதினார். கண்டிக்காலத் துவக்குகள் பலவற்றிற் பொறி குழலின் இடப்புறத்தே அமைந்திருத்தல் போன்ற சிறப்பியல்புகள் இன்று ஆய்வாளர் அறிந்தவை. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்றனவற்றுள், லெவ்கே திசாவையின் பீரங்கியும் இரு பெருந்துவக்குகளும் உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023 இல் இலங்கைக்கு மீள அளித்தது. அவை கொழும்பு நூதனசாலையை அடைந்தமை மகிழ்ச்சிக்குரியது.

ஆயினும் பொன்னும் வெள்ளியும் பதித்த துவக்குக்கே வரலாறு உண்டு என்னும் எண்ணத்துக்கு இஃது இடந்தரலாகாது. அரசனுக்குரிய துவக்கு வேலைப்பாட்டால் நிலைத்தது. துரையின் துவக்கு நூலால் நிலைத்தது. கமக்காரனின் துவக்குக்கு வேலைப்பாடும் இல்லை, நூலும் இல்லை. அதற்கு எஞ்சியுள்ளவை சொற்களும், அவற்றை வழங்கும் முதியோரின் நினைவுமே.

இவ்விடத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ நமக்கு வழிகாட்டுகின்றது. 1947 இல் அரங்கேறிய அந்நூல், வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியைப் பழந்தமிழ்ச் சொற்களைக் கொண்டே மீட்டமைக்க முயன்றது. அடிகளிடம் சொல் இருந்தது, கருவி இருக்கவில்லை. நம்மிடமோ கருவியைக் கண்டவர் இன்னும் உளர், சொல்லைத்தான் நழுவவிடுகின்றோம். பெரியநீலாவணை தொடக்கம் காரைதீவு வரையுள்ள ஊர்களிலும் மேற்கு வட்டைகளிலும் காவற்றொழில் பற்றிய சொற்களையும் விதிகளையும் விலக்குகளையும் தொகுத்தல், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தொகுப்பு உருவாகுமாயின், பேக்கரின் நூலை நாம் புறக்கணிக்க வேண்டுவதில்லை. அதனருகே மற்றொரு நூலை வைத்து ஒப்புநோக்கிப் படிக்கலாம்.